ரோஜாப்பூ அட்டையில் வெட்டிய கேஸ்கட்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது இருக்கிற மெக்கானிக்குகள் ஒரு வண்டியைக் காட்டினார்கள். அதில் கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாக மாறுமாம். கியர்பாக்ஸ் கெட்டுப்போனால் பிரிக்கவும் வேண்டாமாம். மொத்தமாகக் கழற்றி அனுப்பிவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொள்ளலாமாம். "ஒங்களுக்கு வருத்தமா இல்லையா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். முப்பத்திரண்டு வருடம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் எண்ணெய் சொட்டியவன் என்ற முறையில், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஓய்வு பெற்றவன் எதற்காவது வருத்தப்பட்டே ஆக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார்கள். உள்ளே கேஸ்கட்டுகள். ஒவ்வொரு மூடிக்கும் ஒன்று, சரியான கனத்தில், ஓட்டையெல்லாம் போட்டுத் தயாராக இருந்தன. அதைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். டீ ஆறுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. மதுரையில் ஒரு லாரி ஷெட்டில் நாலு வருடம் பல்சக்கரம் கழுவினேன். ஐந்தாம் வருடம் மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். கல்யாணம் ஆனதும் திருத்தங்கலுக்கு வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். அவ்வளவுதான்.

பட்டறை இரண்டு அச்சகங்களுக்கு நடுவில் இருந்தது. முதலாளி இறந்த பிறகு அவர் மனைவி ராஜாத்தி அம்மாதான் நடத்தினார். அவருக்குக் கியர்பாக்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் எண்ணத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணியவர். அடுக்கியிருக்கிற பெட்டிகளைக் கண்ணால் பார்த்தே "ரெண்டு கொறையுது" என்பாராம்.

அந்தத் திறமையை எங்கள் மேல் பிரயோகித்தார். எதைப் பிரித்தாலும் ஒரு பழைய போஸ்டரை விரித்து, கழற்றின வரிசைப்படி சாமான்களை அதன் மேல் அடுக்க வேண்டும். அவர் வந்து நின்று எண்ணுவார். போல்ட் எட்டு, வளையம் மூணு, ஸ்பிரிங் ரெண்டு என்று சுவரில் சாக்பீஸால் எழுதுவார். திரும்ப மாட்டும்போது இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக அழிப்பார். கடைசியில் சுவர் சுத்தமாக இருந்தால்தான் வண்டி வெளியே போகும். மற்ற பட்டறைகளில் வேலை முடிந்து ஒரு போல்ட் மிஞ்சினால் மெக்கானிக் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு விசிலடிப்பான். எங்கள் பட்டறையில் ஒரு வாஷர் மிஞ்சினால்கூட, "இது ஏன் இங்கன கெடக்கு? அதுக்குள்ள இருக்க வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். திரும்பவும் பிரிக்க வேண்டியதுதான்.

காகிதத்தை மட்டும் அவர் எண்ணுவதில்லை. "கிழியிற சாமான் கணக்குல வராது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

காகிதம் என்றால் கேஸ்கட். இரும்புப் பெட்டிக்கும் இரும்பு மூடிக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற தாள். அதற்கென்று விற்கிற தாளைச் சிவகாசிப் பக்கம் யாரும் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. எதற்கு வாங்க வேண்டும்? இரண்டு பக்கமும் அச்சகம். கழிவுத் தாள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. லேபிள் தாள் ஒரு கனம், காலண்டர் தாள் ஒரு கனம், பட்டாசு டப்பா அட்டை ஒரு கனம். விரலால் தடவிப் பார்த்தே எந்த மூடிக்கு எது என்று சொல்லிவிடுவோம். தாளைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, சுத்தியலால் ஓரத்தை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் அச்சு அசலாக வெட்டுப்படும். பழைய பேரிங் குண்டை போல்ட் ஓட்டை மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஓட்டை விழும். இதில் ஒரே ஒரு சட்டம். சாமி படம் கூடாது. சாமியை எண்ணெயில் நனைத்து வண்டிக்கு அடியில் வைக்க யாருக்கும் மனசு வராது. ஒரு தடவை அவசரத்துக்கு முருகனின் மயிலில் வாலை மட்டும் வெட்டினேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

விருதுநகரில் ஹனீபா பாய் என்று ஒருவர். கொத்தமல்லி, மிளகாய் வத்தல் வியாபாரம். அவருடைய மூன்று லாரிகளும் எங்களிடம்தான் வரும். லாரிகளோடு ஒரு பழைய அம்பாசிடரும் வரும். அவருடைய தகப்பனார் வாங்கியது. ஸ்டியரிங் தண்டிலேயே இடது பக்கம் கியர் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிற மாடல். இரண்டாயிரமாவது வருடத்துக்குப் பிறகும் அதை விற்காமல் வைத்திருந்தார். ஓட்டியது பாண்டி. பதினாலு வருடமாக அவர்தான் டிரைவர். பாயின் வீட்டுக் குடோனை ஒட்டின அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். வண்டியைக் கொண்டுவந்தால், என்ன கோளாறு என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வேப்ப மரத்தடியில் போய் நின்றுகொள்வார்.

ஒரு கார்த்திகை மாதம் வந்து, "கிளட்ச் வழுக்குது" என்றார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தேன். அதன் முன் மூடியில் எண்ணெய் கசிந்து கிளட்ச் பிளேட்டில் இறங்கியிருந்தது. முன் பேரிங்கையும் மாற்றினேன். பழைய கேஸ்கட் துண்டு துண்டாக வந்தது. புதிதாக வெட்ட மூட்டையில் கை விட்டேன்.

கார்த்திகை என்பது காலண்டர் சீசனின் உச்சம். மூட்டை முழுக்கக் காலண்டர் தாள். முன் மூடிக்குச் சரியான கனமும் அதுதான். ஆனால் ஓரம் விடாமல் லட்சுமி, பிள்ளையார், ஏழுமலையான். அடியில் மக்கா படம் போட்ட தாளும் ஒன்று கிடந்தது. நான் யோசித்தேன். ஒரு பாயுடைய வண்டிக்குள் நம் சாமியை வைப்பது முறையல்ல. அவர்களுடையதை எண்ணெயில் நனைப்பது அதைவிட முறையல்ல. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது பள்ளிக்கூட நோட்டின் மேலட்டை ஒன்று கிடைத்தது. ரோஜாப்பூ படம். யார் மனதும் நோகாது. கொஞ்சம் கனமாக இருந்தது. முறுக்கினால் அமுங்கிவிடும் என்று வெட்டிவிட்டேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அந்த மூடிக்குக் கசிவைத் தடுப்பது மட்டும் வேலை இல்லை. முன் பேரிங்கை நகரவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. அட்டை கனமாக இருந்தால் மூடி ஒரு மயிரிழை எட்டி நிற்கும். பேரிங்கும் அதோடு சேர்ந்த ஷாஃப்டும் முன்னும் பின்னும் ஆடும். ஆடினால் டாப் கியர் பிடிமானம் இல்லாமல் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூடியை மாட்டியதும் ஷாஃப்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு ராஜாத்தி அம்மா கடைசி போல்ட்டையும் அழித்துவிட்டு, "சரியா இருக்கு அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு எதற்கு அழுத்திப் பார்ப்பது? ஓட்டிப் பார்த்ததும் திருத்தங்கல் கடைத்தெருவுக்குள்தான். மூன்றாவது கியருக்கு மேல் போட அங்கே இடமில்லை.

நாலாம் நாள் பாயும் பாண்டியும் வந்தார்கள். டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் டொக்கென்று கழலுகிறது என்றார்கள். கைப்பிடி இணைப்புகளை முறுக்கினேன். கியரைப் பிடித்து நிறுத்துகிற குண்டையும் ஸ்பிரிங்கையும் பார்த்தேன். நன்றாக இருந்தன. அடுத்து செய்ய வேண்டியது கியர்பாக்ஸை இறக்குவது. ஒரு முழு நாள் வேலை. வாசலில் ஏழு லோடு வண்டி நின்றது. தவிர, அது நான் மாட்டிய பெட்டி. ராஜாத்தி அம்மா எண்ணி முடித்த பெட்டி.

பாண்டியோடு ஏறி ஆமத்தூர் வரைக்கும் போனேன். டாப் கியர் போட்டதும் அவருடைய இடது கை கைப்பிடி மேலேயே இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. திரும்பி வந்து பாயிடம் சொன்னேன்.

"பெட்டியில ஒரு கொறையும் இல்ல பாய். பாண்டி கையத் தூக்கிக் கியர் மேலயே வச்சிருக்காரு. அந்தக் கனத்துக்குக் கழலுது."

பாய் பாண்டியைப் பார்த்தார். பாண்டி என்னைப் பார்த்தார். "கழலுதுன்னுதான் அண்ணாச்சி பிடிக்கேன்" என்றார்.

"பிடிக்கிறதாலதான் கழலுது" என்றேன்.

மெக்கானிக் சொன்ன பிறகு டிரைவர் என்ன பேச முடியும்? பாண்டி போய் வண்டியை எடுத்தார். நான் அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். ஒரு மனிதனின் பிழைப்பைப் பற்றி நான் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்பாசிடர் மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் பட்டறைக்குள் வந்தது. ஸ்டியரிங்கில் ஹனீபா பாய் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டி ஓட்டி இருபது வருடம் இருக்கும். சட்டை முழுக்க வேர்வை. இறங்கினதும் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"வேலு, இந்த ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைத்தான் பிடிச்சேன். கெட்டியாப் பிடிச்சேன். ஆமத்தூர் தாண்டுறதுக்குள்ள மூணு வாட்டி கழண்டுருச்சு. இப்ப யாரு கை வச்சது?"

"பாண்டி எங்க பாய்?"

ஒரு பாலத்து இறக்கத்தில் கியர் கழன்று, வண்டி ஓடிப்போய் முன்னால் நின்ற பஸ்ஸின் பின்னால் முட்டியிருக்கிறது. விளக்கு உடைந்தது. உள்ளே இருந்த பாயின் மனைவிக்கு நெற்றியில் வீக்கம். "மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொன்ன பெறகும் கைய எடுக்கலையான்னு கேட்டேன். எடுத்துட்டேன் மொதலாளின்னான். பொய் சொல்றியாலேன்னு வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன்" என்றார். பாண்டி அன்றைக்கே அறையைக் காலி செய்துகொண்டு, பெண்டாட்டி ஊரான விஸ்வநத்தத்துக்குப் போய்விட்டாராம். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு வேன் ஓட்டுகிறாராம்.

பாயைப் பஸ் ஏற்றிவிட்டு கியர்பாக்ஸை இறக்கினேன். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போனது. விட்டேன், இழுத்தேன், வெளியே வந்தது. டக், டக். மூடியைக் கழற்றினேன். எண்ணெயில் ஊறின ரோஜாப்பூ அப்படியே முழுசாக வந்தது. அமுங்கவே இல்லை. தரமான அட்டை.

ராஜாத்தி அம்மா எண்ணுவதற்காக வந்து நின்றார். அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். வாங்கிப் பார்த்தார்.

"பாய்கிட்ட என்ன சொல்லப் போறீக?"

"தேய்மானம்னு சொல்லிறலாம்மா. சரியாப் போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாக."

"தேய்மானம்னு சொன்னா பாண்டிக்கு வேலை கெடச்சிருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெறகு?" என்றார். "மூணு லாரியும் போனாப் போகட்டும். நீங்க போயிச் சொல்லுங்க." அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "பேப்பர் கணக்குல வராதுன்னு சொன்னது நானுந்தான்" என்றார். அட்டையை ஒரு நாளிதழ்த் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

இந்தத் தடவை அச்சகத்தில் கேட்டு வாங்கின, படம் அச்சடிக்காத காலண்டர் தாளை வெட்டி வைத்து, மூன்று தரம் அழுத்திப் பார்த்து, கடைத்தெருவைத் தாண்டிப் போய் டாப் கியரில் ஓட்டி, ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்தேன். கழலவில்லை. மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு விருதுநகர் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கடைக்குள் நுழைந்ததும் வத்தல் நெடியில் தும்மல் வந்து எல்லாம் மறந்துவிட்டது. பொட்டலத்தை அவர் மேஜை மேல் வைத்தேன்.

"என்னது இது?"

"கேஸ்கட்டு பாய். நான் வெட்டுனது. கனம் சாஸ்தி. அதனாலதான் கழண்டுச்சு. பாண்டி மேல தப்பே இல்ல. எம் மேலதான்."

பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ரோஜாப்பூவா இருக்கு."

"நோட்டு அட்டை."

"சரியான தாளு இல்லையா ஒங்ககிட்ட?"

"இருந்துச்சு பாய். எல்லாம் சாமி படம். ஒங்க வண்டியில வைக்கிறது மரியாதை இல்லைன்னு..."

பாய் அட்டையை மேஜை மேல் வைத்தார். பிறகு எழுந்து கடை வாசலுக்கு வந்தார். வண்டியின் முன்கதவைத் திறந்து, "இங்கன வாங்க" என்றார். ஸ்டியரிங்குக்கு மேலே சின்னதாக ஒரு மாரியம்மன் படம் ஒட்டியிருந்தது. வெயிலில் நிறம் போயிருந்தது. காய்ந்த மல்லிகை ஒரு கண்ணி.

"பாண்டி ஒட்டுனது. வந்த வருசமே ஒட்டிட்டான். பதினாலு வருசமா இவுக முன்னாலதான் நான் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வாரேன். போகும்போது அவன் எடுத்துட்டுப் போகல, நானும் எடுக்கல. நீங்க பாத்ததே இல்லையா வேலு?"

நான் பார்த்ததில்லை. அந்த வண்டியில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். அன்று காலையில்கூட அதன் முன்னால் உட்கார்ந்துதான் விருதுநகர் வரை ஓட்டி வந்தேன். என் கண் எப்போதும் கியர் கைப்பிடியில் இருக்கும், இல்லையென்றால் வண்டிக்கு அடியில் இருக்கும்.

"ஏறுங்க, விஸ்வநத்தம் போவோம்" என்றார் பாய். லாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பட்டாசுக் கம்பெனி வாசலில் காவலாளி தீப்பெட்டி இருக்கிறதா என்று எங்கள் இருவரையும் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே விட முடியாது, வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள் என்றார். பொட்டலில் நிறுத்திவிட்டு நின்றோம். சொல்லி அனுப்பியதும் பாண்டி வந்தார். சட்டையில் அலுமினியப் பொடி மினுமினுத்தது. பாய் சுற்றி வளைக்கவில்லை.

"ஏலே பாண்டி, தப்பு ஒம்மேல இல்லையாம். வேலு பண்ணுன கோளாறாம். நான் ஒன்னையப் பொய் சொல்றவன்னு சொல்லிட்டேன். அது எந் தப்பு. வந்துரு. அறை சும்மாதான் கெடக்கு."

நானும் சொன்னேன். அட்டை, பேரிங், ஷாஃப்ட் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் இயந்திரத்தைப் பற்றி அதிகம் பேசுவான். பாண்டி முழுவதையும் கேட்டார். கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன்.

"லோடு பாதியில நிக்கி மொதலாளி. ஏத்தி விட்டுட்டு, சொல்லிக்கிட்டு வாரேன்" என்றார்.

இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். பாய் முன்னால் உட்காரச் சொன்னதால் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பின்னால். பாண்டி மாரியம்மன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். சிவகாசியைக் கடந்து, திருத்தங்கலையும் தாண்டியதும் சாலை வெறிச்சென்று இருந்தது. டாப் கியர் போட்டார். ஆக்ஸிலேட்டரை விட்டார். கியர் அசையவில்லை. நானே பிள்ளை பெற்றதுபோல் ஒரு சந்தோஷம். எப்படி நிற்கிறது என்று பார்க்கக் கைப்பிடி பக்கம் குனிந்தேன்.

பாண்டியின் இடது கை அங்கே இல்லை. ஸ்டியரிங்கிலும் இல்லை. தொடைக்கு அடியில் மணிக்கட்டு வரை செருகி, அதன் மேல் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பாண்டி, கைய எடுங்க. பெட்டி சரியாயிருச்சு."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஒங்க மேல தப்பே இல்லைன்னு சொல்லியாச்சுல்ல?"

"தெரியும் அண்ணாச்சி. சொன்னீகள்ல." எதிரே ஒரு பஸ் வந்தது. கையை உருவி, மூன்றுக்கு மாற்றி, பஸ் போனதும் திரும்ப டாப் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "வேன்லயும் இப்பிடித்தான் ஓட்டுறேன். நீங்க சொன்ன பெறகு எனக்கே சந்தேகமாப் போச்சு. எனக்குத் தெரியாமலே கை அங்கன போகுதோன்னு."

பின்னாலிருந்து பாய், "கைய எடுலே" என்றார். பாண்டி எடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விருதுநகர் போய்ச் சேரும்வரை கியர் ஒரு தடவைகூடக் கழலவில்லை.